இருபத்திரண்டு மார்க்

அத்தியாயம் 17

எட்டு மாதமாக வீட்டுப் பக்கம் தலைகாட்டாத மகளிடமிருந்து மூன்று வரிச் செய்தி ஒன்று வந்திருந்தது. அதை அப்பாவிடம் காட்டுவதா, விழுங்கிவிடுவதா என்று தெரியாமல் அம்மா ஃபோனும் கையுமாகத் தவித்துக்கொண்டிருந்ததைப் போன அத்தியாயத்தில் எல்லோரும் பார்த்தோம்.

காட்டிவிட்டாள். முழுவதையும் அல்ல, முதல் இரண்டு வரியை மட்டும்.

"எங்க படம் வெள்ளிக்கிழமை வருது. காலைக் காட்சிக்கு உங்க ரெண்டு பேருக்கும் சீட் போட்டிருக்கேன்."

கட்டை விரலால் மறைத்துக்கொண்ட மூன்றாவது வரி அம்மாவுக்கு மனப்பாடம். "வெளிநாட்டு ஸ்டூடியோவுக்கு அன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள பதில் சொல்லணும், அப்பா படத்தைப் பத்தி என்ன சொல்றார்னு பாத்துட்டு முடிவு பண்றேன், இது அவருக்குத் தெரிய வேண்டாம்."

ஆக, மகள் இந்த ஊரில் இருப்பாளா, விமானம் ஏறிவிடுவாளா என்பது அப்பாவின் வாயில் இருந்தது. அம்மாவுக்கு அது ஒன்றே போதும், மூன்று நாள் தூக்கம் போவதற்கு. அந்த வாயைப் பற்றி அவளுக்குத் தெரியாததா?

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு அந்த வாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குத் தொழில் லிஃப்ட் மெக்கானிக். உயிர் சினிமா. பார்த்த படத்தைப் பற்றி ஃபோனில் பேசிப் பதிவேற்றுவார். நிகழ்ச்சிக்குப் பெயர் 'கடைசி வரிசை'. பதினோராயிரம் பேர் காது கொடுக்கிறார்கள். அவர்களுக்கு அவர் 'வரிசை சார்'. எந்தப் படமானாலும் கடைசி வரிசையில்தான் உட்காருவார், மடியில் நோட்டு இருக்கும், இருட்டிலேயே எழுதுவார், நூற்றுக்கு மார்க் போடுவார். நூறு இதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை.

அனிமேஷன் என்றால் அவருக்குத் தனிச் சட்டம். கையால் வரைந்ததுதான் படம், கோடு கொஞ்சம் நடுங்க வேண்டும், அந்த நடுக்கத்தில்தான் உயிர் இருக்கிறது. கம்ப்யூட்டரில் செய்வதெல்லாம் கழுவித் துடைத்த பிளாஸ்டிக். சின்ன வயதில் ஒரு குடை காற்றில் பறந்து ஊரைச் சுற்றிவரும் ஏழு நிமிடப் படம் பார்த்தாராம். அதற்கு மட்டும் தொண்ணூற்றாறு. உயிரோடு இருக்கும் எந்த மனிதரைப் பற்றியும் அவர் அவ்வளவு பிரியமாகப் பேசி அம்மா கேட்டதில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் நிகழ்ச்சியில் இப்படிச் சொன்னார்: "இந்தப் பொம்மைப் படம் செய்யறவங்க நாள் பூரா கம்ப்யூட்டரைப் பாக்கறவங்க. பக்கத்துல இருக்கற மனுஷனைப் பாத்தே இருக்க மாட்டாங்க." பக்கத்து அறையில் மகள் இருந்தாள். அவள் அதே பொம்மைப் படம்தான் செய்துகொண்டிருந்தாள். மறுநாள் ஒரு பெட்டியோடு கிளம்பிப் போனவள்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது.

தியேட்டரில் பாதி இருக்கைகூட நிரம்பவில்லை. மகள் போட்டிருந்தது நடு வரிசை. அப்பாவுக்கு அங்கே உட்கார முடியவில்லை. "நீ இங்கயே இரு, நான் பின்னாடி போறேன்" என்றவரை அம்மா சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள் பக்கத்துல உக்காருங்க."

"நீ தூங்கி என் தோள்ல சாய்வே. எனக்கு எழுத வராது."

அம்மா படத்துக்குப் போனால் தூங்கிவிடுவாள் என்பது அந்தக் குடும்பத்தின் பழைய கேலி. உண்மையில் அவள் தூங்குவதில்லை. அவர் காதருகே நொடிக்கு ஒரு குறை சொல்லிக்கொண்டே இருப்பாரே, கண்ணை மூடிக்கொண்டால்தான் அது நிற்கும். அவளுக்கும் சினிமாவைப் பற்றி அபிப்பிராயம் உண்டு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் பத்தொன்பது வருடம் இஸ்திரி போட்டவள். ஏழைத் தொழிலாளியாக வருகிறவனின் சட்டையில் மடிப்பு கலையாமல் இருந்தால் அவளுக்குப் படம் அதோடு முடிந்தது. இதை ஒரு தடவை சொன்னபோது அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அதற்கப்புறம் அவள் சொல்வதில்லை.

படம் ஓர் ஓடக்காரியின் கதை. ஆற்றின் குறுக்கே கட்டிய கயிற்றைப் பிடித்து இழுத்து இழுத்து ஓடத்தை அக்கரை சேர்க்கிறவள். அவளுக்கு ஒரு சின்ன மகள்.

முதல் காட்சியிலேயே ஆறு வந்தது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "தண்ணி பரவாயில்லையே" என்று முணுமுணுத்து, நோட்டில் குனிந்து எழுத ஆரம்பித்தார். அவர் எழுதிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் ஓடக்காரி கரையில் உட்கார்ந்து உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கை. சூடான குவளையை அந்த உள்ளங்கையில் வைத்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு கையைத் திருப்பி விரல்களின் பின்பக்கத்தால் குவளையைத் தொட்டாள். சுட்டது. சிரித்துக்கொண்டாள்.

அம்மா இருக்கையின் நுனிக்கு வந்தாள்.

அவள் அப்படித்தான் தொடுவாள். கொதிக்கும் இஸ்திரி உருளையிலிருந்து வரும் விரிப்பு காய்ந்ததா, ஈரமா என்று நாளெல்லாம் புறங்கையால் தொட்டுப் பார்த்த பழக்கம். உள்ளங்கையில் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. பால் பாத்திரம், ஜன்னல் கம்பி, காய்ச்சல் நெற்றி எல்லாமே அவளுக்குப் புறங்கையில்தான். அதை அவளே ஒரு பழக்கமாக நினைத்ததில்லை. மகள் மட்டும் சமையலறை வாசலில் சாய்ந்துகொண்டு ஏதோ கிறுக்கிக்கொண்டிருப்பாள். பெண் கணக்கு போடுகிறாள் என்று இவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

திரையில் ஓடக்காரி தூங்கும் மகளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான்கு விரல்களின் பின்பக்கத்தால் கன்னத்தை மெல்லத் தொட்டாள். கொஞ்சம் நிறுத்தி, மறுபடி தொட்டாள். இரண்டாவது தடவை கொஞ்சம் கீழே, தாடைக்குப் பக்கத்தில்.

இரண்டு தடவை. அம்மாவும் இரண்டு தடவைதான் தொடுவாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். துக்கத்தால் அல்ல. தன்னை ஒரு ஜீவன் இத்தனை வருடம் உட்கார்ந்து பார்த்திருக்கிறது, அதுவும் தன் வயிற்றில் பிறந்தது என்ற சந்தோஷம் தாங்கவில்லை.

"ச்சே" என்றார் அப்பா, காதருகே. "ஏமாத்திட்டாங்க."

படம் முடிந்ததும் வளாகத்திலேயே இருந்த காபிக் கடையில் மகள் காத்திருந்தாள். இளைத்திருந்தாள், முடியை வெட்டியிருந்தாள். அப்பாவைப் பார்த்து எழுந்து நின்றாள். அப்பா பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு பார்க்கிற மகளிடம் முதல் கேள்வி இது:

"உன்னோடது எது?"

"நாலு நிமிஷம்பா. ஒரு வருஷ வேலை. வாரத்துக்கு அஞ்சு நொடி வந்தா பெரிசு." அவள் சிரிக்கப் பார்த்தாள். "எதுன்னு நீங்களே கண்டுபிடிங்க. பிரேம் பிரேமா பாக்கறவராச்சே."

அப்பாவுக்கு உற்சாகம் தொற்றிக்கொண்டது. சவால் என்றால் அவருக்குச் சர்க்கரை. "வெள்ளம் வர்ற சீன். சரியா?"

"இல்லப்பா."

"அப்ப அந்தச் சந்தைக் கூட்டம்."

"இல்ல."

அவருடைய ஃபோன் அடித்தது. எங்கோ லிஃப்டில் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் ஆட்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். "பதறாதீங்க சார், கதவை யாரும் நெம்பாதீங்க" என்று பேசிக்கொண்டே வெளியே போனார்.

மகள் மேஜைக்கு மேலே குனிந்தாள். "அம்மா, பாத்தியா?"

"நான் அப்படியாடி தொடறேன்?"

"அப்படியேதான்."

"ரெண்டாவது தடவை கொஞ்சம் கீழ..."

"அதுக்கு மட்டும் மூணு வாரம்மா. டைரக்டர் ஒரு தடவை போதும்னார். நான் விடல." மகளுக்குக் கண் நிறைந்தது. உடனே துடைத்துக்கொண்டாள். "நீ சொல்லிடாத. அவரே சொல்லணும். அது உன் அம்மா கைதானேன்னு அவர் வாயால வந்தாப் போதும். நான் எங்கயும் போகல."

"அவருக்கு இதெல்லாம் லேட்டாத்தான் உறைக்கும்டி. நான் ஜாடை மாடையா..."

"வேண்டாம்மா. நீ எடுத்துக் குடுத்து அவர் சொன்னா அது எனக்கு வேண்டாம்." அம்மா சரியென்று தலையாட்டினாள்.

அப்பா அங்கே வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார், மூன்றாவது யூகத்தோடு. "தண்ணி! முதல் சீன்ல வர்ற ஆறு. அதுதான் உன் வேலை. நோட்டுல எழுதியே வச்சிருக்கேன், பாரு." நோட்டைப் பிரித்து நீட்டினார். "எட்டு மாசம் மூஞ்சியைக் காட்டாட்டியும் வேலையில என் ரத்தம் தெரியுது."

மகள் நோட்டைப் பார்த்தாள். இருட்டில் எழுதியதால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

"நல்லா எழுதியிருக்கீங்கப்பா" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டாள். "இன்னிக்கே பேசுவீங்களா?"

"நாலு மணிக்குப் போட்டுடுவேன். மகள் படம்னு சலுகையெல்லாம் கிடையாது, தெரியுமில்ல?"

"தெரியும்பா."

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சொல்லக் கூடாது என்று வாக்குக் கொடுத்தாயிற்று. ஆனால் மணி ஒன்றரை. நாலு மணிக்கு இந்த மனுஷர் வாயைத் திறந்துவிடுவார். ஒரே ஒரு நூலிழையை நீட்டினால் பிடித்துக்கொள்ள மாட்டாரா?

"ஏங்க, அந்தப் பொம்பளை குழந்தையைப் புறங்கையால தொட்டாளே..."

அப்பா சட்டென்று திரும்பினார். முகம் மலர்ந்திருந்தது. கல்யாணமான முப்பது வருடத்தில் சினிமாவைப் பற்றி அவள் பேசும்போது அவர் இப்படித் திரும்பியதே இல்லை.

"அட, நீயும் கவனிச்சியா? பரவாயில்லையே! அதான் நான் அங்கயே சொன்னேனே, ஏமாத்து வேலைன்னு. விரலும் உள்ளங்கையும் வரையறதுதான் இருக்கறதுலயே கஷ்டம். மடங்கணும், விரியணும், ரேகை வேணும். அதுக்குச் சோம்பேறித்தனப்பட்டுக் கையைத் திருப்பிப் போட்டுட்டாங்க. எந்தத் தாயாவது பெத்த பிள்ளையை அப்படித் தொடுவாளா?"

"இல்லங்க, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"புரியுது, புரியுது. உனக்கே உறுத்தியிருக்கு பாரு! இதைத்தான் நான் தேடிட்டிருந்தேன். மத்ததெல்லாம் நல்லாருக்குன்னு சொல்லப்போறேன். ஒரு குறையாவது சொல்லலன்னா பெத்த பாசத்துல பேசறான்னு ஊர் சொல்லும்."

அம்மா வாயை மூடிக்கொண்டாள். அடுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்த அத்தியாயமே வேறு மாதிரி போயிருக்கும். மகளுக்குக் கொடுத்த வாக்கு தடுத்தது என்று பிற்பாடு அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மை அதுவல்ல. அவர் குறுக்கே பேசினால் நிறுத்திக்கொள்வது அவளுக்கு ஊறிப்போயிருந்தது.

நாலு மணிக்கு முன்பே அப்பா படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டார். துணி அலமாரியைத் திறந்து தலையை உள்ளே நுழைத்துக்கொண்டுதான் பேசுவார். துணிகள் சத்தத்தை வாங்கிக்கொள்ளுமாம். அந்த நேரத்தில் வீட்டில் குழாய் திறக்கக் கூடாது, பாத்திரம் வைக்கக் கூடாது. அம்மா கூடத்தில் அசையாமல் உட்கார்ந்து கேட்டாள்.

தண்ணீரைப் புகழ்ந்தார். உருகி உருகிப் புகழ்ந்தார். கம்ப்யூட்டரை முதன்முறையாக மன்னிப்பதாகச் சொன்னார். "இந்தத் தண்ணியைச் செஞ்சது யாருன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பொண்ணோட அப்பனுக்கு இன்னிக்குப் பெருமையா இருக்கும்" என்றபோது அவர் குரல் கம்மியது. நடிப்பில்லை, நிஜமாகவே கம்மியது. அம்மாவுக்கு அதுதான் இன்னும் எரிந்தது. இவருக்குப் பாசமே இல்லை என்றால் வெறுத்துவிட்டுப் போகலாமே!

பிறகு கைக்கு வந்தார்.

"இருபத்திரண்டு மார்க் கழிக்கறேன். அந்தக் கைக்கு. தாயோட கையைப் பாத்தே இருக்காத யாரோ செஞ்ச வேலை அது. நான் மட்டும் சொல்லல. சினிமான்னா தூங்கிடற என் வீட்டுக்காரம்மாவே பஸ்ல இதைத்தான் முதல்ல கேட்டாங்க. அவங்களுக்கே தெரியுது, அது தாய் கை இல்லன்னு!"

அம்மா எழுந்து ஓடிக் கதவைத் திறந்தாள். அலமாரிக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே, பேசாதே என்று அவர் கையைத் தூக்கிக் காட்டினார். "எழுபத்தெட்டு மார்க்!" என்று முடித்துப் பொத்தானை அழுத்தினார். திரும்பி, "என்ன?" என்றார்.

"அதைப் போடாதீங்க."

"போட்டாச்சே! எதுக்கு?"

ஐந்தே கால் மணிக்கு அம்மாவின் ஃபோன் அடித்தது. எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். மகளுக்குப் பின்னால் ஒரே ஆரவாரம், கைதட்டல், சிரிப்பு.

"எழுபத்தெட்டாம்மா! ஆபீஸ்ல கேக் வெட்டறாங்க. வரிசை சார் அனிமேஷனுக்கு எழுபத்தெட்டு போட்டுட்டாராம். எல்லாரும் எனக்குக் கை குடுக்கறாங்க."

"குட்டி..."

"நீயாம்மா சொன்ன?"

"இல்லடி. சத்தியமா இல்ல. நான் வேற சொல்ல வந்தேன்."

"பஸ்ல என்ன சொன்ன?"

"ஆரம்பிச்சேன். அவர் முடிக்க விடல."

மறுமுனையில் மகள் சிரித்தாள். சந்தோஷமில்லாத சிரிப்பு, அப்படி ஒரு சிரிப்பு அந்தப் பெண்ணிடம் இருக்கிறது என்பதே அம்மாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

"சொல்லாதன்னு சொன்னேன். நீ சொல்லப் போயிருக்க. போனதுதான் போன, முடிச்சாவது இருக்கலாமேம்மா."

 அடி சரியான இடத்தில் விழுந்திருந்தது.

"பதில் அனுப்பிட்டேன். ஒண்ணாம் தேதி கிளம்பணும். வீட்டுக்கு வந்து சொல்லிட்டெல்லாம் போக மாட்டேன். உன் மேல கோபம் இல்ல. இருந்தாலும் கொஞ்ச நாள் நீயும் ஃபோன் பண்ணாத."

வைத்துவிட்டாள்.

அப்பா கூடத்தில் நாற்காலியில் சாய்ந்து, நேயர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டிருந்தார். "கேளு, கேளு. ஒருத்தன் எழுதறான், 'அந்தக் கை விஷயம் பிரமாதம் சார், உங்க வீட்டுக்காரம்மாவுக்கும் ஒரு சல்யூட்'னு. பாத்தியா, ஒரே நாள்ல நீயும் பேமஸ்!"

"அது என் கைங்க" என்றாள் அம்மா.

"எது?"

"இருபத்திரண்டு மார்க் கழிச்சீங்களே, அது. உங்க பொண்ணு தண்ணியே செய்யல. அந்தக் கையைத்தான் ஒரு வருஷம் செஞ்சிருக்கா. என் கையைப் பாத்து."

அப்பா சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். ஃபோனைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாக, ஒரு ரசிகனின் ஆவலோடு கேட்டார்:

"எங்க, ஒரு தடவை செஞ்சு காட்டு."

 அம்மாவுக்கு முப்பது வருடத்தின் கோபம் மொத்தமும் வரிசையில் நிற்காமல் முண்டியடித்துக்கொண்டு வந்தது.

"முப்பது வருஷமா செஞ்சு காட்டிட்டுத்தான் இருந்தேன். உங்களுக்குக் காய்ச்சல் வந்தப்பெல்லாம். உங்க அம்மா செத்தன்னிக்கு. இவ பொறந்தன்னிக்கு. நீங்க எந்த வரிசையில உக்காந்திருந்தீங்களோ!"

அவர் எழுந்துவிட்டார்.  "நான் மாத்திடறேன். இப்பவே அழிச்சிட்டு வேற பேசறேன். நூறு போடறேன். இதுவரைக்கும் யாருக்கும் போட்டதில்ல, அவளுக்குப் போடறேன்."

"அவ வெளிநாட்டு வேலைக்குச் சரின்னு சொல்லிட்டா. ஒண்ணாம் தேதி போறா. நீங்க இன்னிக்கு என்ன சொல்வீங்கன்னு பாத்துட்டுத்தான் முடிவு பண்றதா இருந்தா."

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். இந்த மனிதர் இத்தனை படத்தில் எத்தனை அப்பாக்கள் உடைவதைப் பார்த்து, நடிப்பு மிகை என்றும் குறை என்றும் தீர்ப்புச் சொல்லியிருப்பார்! இப்போது அவருக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. ஃபோனை எடுத்து மகளை அழைத்தார். மறுமுனை எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார். மூன்றாவது தடவை மணியே அடிக்கவில்லை.

சட்டையை மாட்டினார். பொத்தான்களை மாற்றிப் போட்டார். செருப்பை ஒரு காலில் நுழைத்தபடி வாசல் கதவைத் திறந்து, திரும்பினார்.

"அவ வீடு எங்க இருக்கு?"

எட்டு மாதத்தில் அவர் இதைக் கேட்பது முதல் தடவை. மாதம் இரண்டு ஞாயிறு, மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அம்மா போய் வருகிற இடம். எந்தத் தெரு, எத்தனையாவது மாடி, அழைப்பு மணி ரிப்பேர், அதனால் கதவைத் தட்ட வேண்டும் என்பது வரை அவளுக்குத் தெரியும்.

"உன்னைத்தான் கேக்கறேன். அவ எங்க இருக்கா?"

அம்மா நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அவர் ஒரு காலில் செருப்போடு காத்துக்கொண்டு நின்றார்.

அவள் சொல்லவில்லை.